தீவுக்குத் தொண்டு செய்யப் போகலாமா?

ஒரு தேங்காய். ஒரு குளிர்பான டின்.

இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு, 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் 29-ந் தேதி, அமெரிக்க வாலிபர் ஒருவர் ரப்பர் படகில் கடலில் புறப்பட்டார். வயது 24. அவர் போய்ச் சேர்ந்த இடம், அந்தமானை அடுத்த வட சென்டினல் தீவு.

யாரும் போகக்கூடாத தீவு அது!

கடலில் இருந்தபடியே விசில் ஊதினார். கரையில் யாரும் தலை காட்டவில்லை. மணலில் இறங்கினார். தேங்காயையும் டின்னையும் அங்கே வைத்தார். கொஞ்சம் மணலை அள்ளிக்கொண்டார். ஐந்து நிமிடம்தான். திரும்பி வந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து போலீசார் அவரைக் கைது செய்தார்கள்.

"தேங்காய் வைத்ததற்கா கைது? அடித்தாரா, திருடினாரா? பரிசு கொடுக்கத்தானே போனார்?" என்று கேட்கத் தோன்றும்.

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துகொள்வது நமக்கும் நல்லது. ஏனென்றால், தூரத்துத் தீவுக்குப் போய் அங்குள்ள மக்களுக்குத் தொண்டு செய்யவேண்டும் என்ற ஆசை அமெரிக்காவில் மட்டும் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது.

பீர்க்கன்கரணையில் இருந்து எவ்வளவு தூரம்?

பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நின்று பார்த்தால் அந்தமான் தெரியாது. ஆனால் போவது கஷ்டம் இல்லை. தாம்பரம் வழியாக மீனம்பாக்கம் போய் விமானம் ஏறினால், இரண்டேகால் மணி நேரத்தில் போய் இறங்கலாம். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் சுமார் மூன்று நாள். நாம் போர்ட் பிளேர் என்று சொல்லிப் பழகிய ஊருக்கு, 2024-ம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.

அங்கே தமிழர்கள் ஏராளம். கடைவீதியில் தமிழ் காதில் விழும். நிக்கோபார் பகுதியில் உள்ள கச்சால் தீவில், இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களை ரப்பர் தோட்ட வேலைக்காக சர்க்கார் குடியமர்த்தியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ராஜேந்திர சோழனின் கல்வெட்டில் "மாநக்கவாரம்" என்று நிக்கோபாரின் பெயர் இருக்கிறது. ஆகவே அந்தத் தீவுகள் நமக்கு அந்நியம் அல்ல.

தாம்பரத்தைச் சுற்றிக் கல்லூரிகள் பல உண்டு. படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போகுமுன் ஓர் ஆண்டு எங்காவது போய் மக்களுக்கு உழைக்கலாம் என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. நல்ல எண்ணம். அதைக் கெடுக்கக் கூடாது.

ஆனால் மகனோ மகளோ வந்து, "அப்பா, நான் ஒரு தீவுக்குப் போய் அங்குள்ள ஜனங்களுக்கு சேவை செய்யப் போகிறேன்" என்று சொன்னால், பெற்றோர் என்ன கேட்கவேண்டும்?

"சாப்பாடு கிடைக்குமா? பாம்பு இருக்குமா?" என்று கேட்பார்கள். அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

"உன்னை யார் கூப்பிட்டார்கள்?"

இந்தக் கேள்வியை யாரும் கேட்காததால் என்ன நடந்தது என்பதை அந்தமான் தீவுகளின் கதை சொல்கிறது.

"வராதே!" என்று சொல்லும் தீவு

வட சென்டினல் தீவின் பரப்பு சுமார் 60 சதுர கிலோமீட்டர். முழுவதும் காடு. அங்கே எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் 15 பேர் என்று எழுதினார்கள். அதுவும் தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிந்தவர்களை எண்ணியதுதான்.

அந்த மக்கள் வேட்டையாடுகிறார்கள். மீன் பிடிக்கிறார்கள். அவர்கள் பேசும் மொழி வெளியே ஒருவருக்கும் புரியாது. வெளியாள் கரையை நெருங்கினால் வில்லை எடுத்துவிடுவார்கள்.

"காட்டுமிராண்டிகள்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. அவர்களுடைய கோபத்துக்குக் காரணம் உண்டு.

1880-ம் ஆண்டு மாரிஸ் போர்ட்மன் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஆட்களுடன் அந்தத் தீவில் இறங்கினார். ஒரு கிழவன், ஒரு கிழவி, நான்கு குழந்தைகள் ஆகிய ஆறு பேரைப் பிடித்து போர்ட் பிளேருக்குக் கொண்டு போனார். பழக்கப்படுத்துவதுதான் அவர் எண்ணம். கிழவனும் கிழவியும் நோய் கண்டு இறந்தார்கள். குழந்தைகளுக்குப் பரிசுப் பொருள்களைக் கொடுத்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள்.

பரிசு கிடைத்தது. தாத்தா பாட்டி திரும்பி வரவில்லை!

1991-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு நல்ல சம்பவமும் நடந்தது. சர்க்காரின் மானிடவியல் ஆராய்ச்சிக் குழு ஒன்று படகில் தேங்காய்களுடன் போனது. மதுமாலா சட்டோபாத்யாய் என்ற பெண் ஆராய்ச்சியாளரும் அந்தக் குழுவில் இருந்தார். அன்று சென்டினல் மக்கள் தண்ணீரில் இறங்கி வந்து தேங்காய்களை வாங்கிக்கொண்டார்கள். 1967-ம் ஆண்டு முதல் அந்தத் தீவுக்குப் போய்வந்த டி.என்.பண்டிட் என்ற அதிகாரியும் அந்த ஆண்டு நடந்த பயணங்களில் கலந்துகொண்டார்.

"சரி, நட்பு கிடைத்துவிட்டதே! பள்ளிக்கூடம் கட்டலாம், ஆஸ்பத்திரி கட்டலாம்" என்று சர்க்கார் இறங்கவில்லை. மாறாக, 1990-களிலேயே இந்தப் பயணங்களை நிறுத்திவிட்டது. அந்த மக்களின் விருப்பத்தை மதித்து அவர்களை அப்படியே விடவேண்டும் என்பதுதான் பண்டிட் பிற்காலத்தில் சொன்ன கருத்து.

சுனாமி வந்தபோது, "சென்டினல் மக்கள் அழிந்துபோயிருப்பார்களோ?" என்று பயந்து கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் போய்ப் பார்த்தது. காட்டிலிருந்து ஒரு மனிதர் ஓடி வந்தார். ஹெலிகாப்டரை நோக்கி அம்பு குறி வைத்தார்!

அவர்கள் உயிரோடு இருந்தார்கள். உதவி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

2018-ல் நடந்தது

இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாதவர், ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்கர். 2018-ம் ஆண்டு நவம்பரில், மீனவர்களுக்கு 25 ஆயிரம் ரூபாய் கொடுத்து இரவில் படகேறினார். தன் மதத்தை அந்த மக்களிடம் சொல்லவேண்டும் என்பது அவர் எண்ணம். பரிசுப் பொருள்களும் கொண்டுபோனார். அம்பு வந்தது. திரும்பினார். மறுபடியும் போனார். கரையில் அவருடைய உடல் புதைக்கப்படுவதை மீனவர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள்.

அவர் கெட்டவர் அல்ல. அன்போடுதான் போனார். ஆனால் அந்த அன்பினால் என்ன நடந்தது? அவர் உயிர் போயிற்று. பணத்துக்காகப் படகு ஓட்டிய ஏழை மீனவர்கள் கைதானார்கள். அவர் உடலில் ஒரு நோய்க் கிருமி ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தத் தீவே காலியாகியிருக்கக்கூடும்.

தேங்காயில் என்ன ஆபத்து?

இங்கேதான் நாம் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கவேண்டும்.

நமக்கு ஜலதோஷம் வருகிறது. மூன்று நாளில் போய்விடுகிறது. ஏன்? நாம் குழந்தையாக இருந்த நாள் முதல் அந்தக் கிருமியோடு சண்டை போட்டு, நம் உடம்பு பழகிவிட்டது. அம்மை நோய்க்குத் தடுப்பு ஊசி போட்டிருக்கிறோம்.

தனித் தீவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் உடம்பு இந்தக் கிருமிகளைப் பார்த்ததே இல்லை. ஆகவே எதிர்க்கும் சக்தி இல்லை. நமக்கு மூன்று நாள் தும்மல், அவர்களுக்கு மரணம்.

இது பயமுறுத்தும் பேச்சு அல்ல. நடந்தது.

1858-ம் ஆண்டு ஆங்கிலேயர்கள் அந்தமானில் கைதிகளைக் குடியேற்றினார்கள். அப்போது "பெரிய அந்தமானியர்" என்ற மக்கள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு நாகரிகம் கற்றுக்கொடுப்பதற்காக 1863-ல் "அந்தமான் இல்லம்" என்ற விடுதியைத் திறந்தார்கள். துணி கொடுத்தார்கள். சோறு போட்டார்கள். ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார்கள்.

கூடவே நோயும் வந்தது. 1877-ல் மணல்வாரி அம்மை பரவிப் பலரைக் கொன்றது. 1901-ம் ஆண்டு கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 625 பேர். 1961-ல் வெறும் 19 பேர். 2011-ல் 44 பேர்.

ஒரு இனமே கரைந்துவிட்டது. விடுதி திறந்தவர்கள் "சேவை செய்கிறோம்" என்றுதான் சொன்னார்கள்!

இதனால்தான் சுதந்திர இந்தியா 1956-ம் ஆண்டு ஆதிவாசிகள் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை அந்தமானுக்காகக் கொண்டுவந்தது. ஆதிவாசிகளின் பகுதிக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் நுழையக்கூடாது. இந்தியராக இருந்தாலும் இதே விதிதான். மீறினால் சிறைத் தண்டனை உண்டு. சென்டினல் தீவின் கரையிலிருந்து 5 கிலோமீட்டர் வரை கடலில் நெருங்குவதற்கும் தடை.

அந்த அமெரிக்க வாலிபர் வைத்தது வெறும் தேங்காய்தான். ஆனால் அந்தத் தேங்காயைத் தொட்ட கை யாருடையது? அந்தக் கையில் என்ன கிருமி இருந்தது? அவருக்கே தெரியாது.

கரையில் கிடக்கும் பொருள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 2008-ம் ஆண்டு டிசம்பரில், சின்ன அந்தமான் தீவில் ஒரு கேன் கரை ஒதுங்கியது. உள்ளே இருந்த திரவத்தைச் சாராயம் என்று நினைத்து ஓங்கே இன மக்கள் குடித்தார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். மொத்தமே நூறு பேர் அளவில் உள்ள இனத்தில் எட்டுப் பேர்!

சுனாமிக்குப் பிறகு வந்த உதவி

"சென்டினல் மக்கள் வேண்டாம் என்கிறார்கள். விட்டுவிடுவோம். உதவி கேட்கும் மக்களுக்குச் செய்யலாம் அல்லவா?"

செய்யலாம். கட்டாயம் செய்யவேண்டும். ஆனால் அங்கேயும் ஒரு பாடம் இருக்கிறது.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26. சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. நம் நாகப்பட்டினத்துக்கு அலை வந்து சேருமுன்பே நிக்கோபார் தீவுகளை விழுங்கிவிட்டது. அந்தமான் நிக்கோபாரில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 3 ஆயிரத்துக்கு மேல். பெரிய நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையில் நிலமே 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிட்டது. கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் புகுந்தது. டிரிங்கெட் என்ற தீவு துண்டுபட்டது. மக்கள் அதைக் காலி செய்தார்கள்.

உதவி குவிந்தது. சர்க்கார் அனுப்பியது. தொண்டு நிறுவனங்கள் வந்தன. முன்பின் தீவையே பார்த்திராதவர்களும் நல்ல மனதோடு கப்பலேறி வந்தார்கள்.

நிக்கோபார் மக்களின் தலைவர்கள் கேட்டது என்ன தெரியுமா? வெட்டுக்கத்தி, கோடரி, ரம்பம், ஆணி போன்ற வேலைக் கருவிகள். "கருவி கொடுங்கள். எங்கள் வீட்டை நாங்களே கட்டிக்கொள்கிறோம்" என்றார்கள். காட்டில் மரமும் ஓலையும் இருக்கின்றன. கட்டத் தெரிந்த கை இருக்கிறது.

கிடைத்தது என்ன? தகரக் கொட்டகை!

நிக்கோபார் பூமத்திய ரேகைக்குப் பக்கம். வெயிலில் தகரம் கொதிக்கும். மழையில் அதன்மேல் பறை அடிப்பது போல ஓசை கேட்கும். தகரக் கூரையின் கீழ் குடியிருந்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும், விளக்கத் தேவையில்லை.

பிறகு நிரந்தர வீடுகள் வந்தன. அதிலும் ஒரு சிக்கல். கார் நிக்கோபாரில் "துஹெட்" என்று ஒரு முறை உண்டு. நம் பழைய கூட்டுக் குடும்பம் போன்றது. தாத்தா, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே துஹெட். தென்னந்தோப்பும் பன்றிகளும் துஹெட்டுக்குச் சொந்தம். தனி ஆளுக்கு அல்ல. வந்த வீடுகளோ கணவன், மனைவி, குழந்தைகள் என்று சிறு குடும்பத்துக்குப் போட்ட அளவு. நிவாரணப் பணமும் தனித்தனி ஆளின் பெயரில் வந்தது.

ஒன்றாக உண்டவர்கள் பிரிந்தார்கள். பணம் என்பதை அதிகம் பழகாத கைகளில் பணம் வந்ததும், சாராயமும் வந்தது.

யாரும் கெடுதல் செய்ய நினைக்கவில்லை. கேட்காமல் செய்தார்கள். அவ்வளவுதான்.

நம் கரையிலும் இதே கதைதான். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணிகள் மலை மலையாகக் குவிந்து கிடந்ததைப் பலர் பார்த்தார்கள். மீனவ மக்கள் அவற்றைத் தொடவில்லை. வீடும் படகும் போனாலும் மானம் போகவில்லை அல்லவா? அவர்களுக்கு வேண்டியது வலையும் படகும். வந்ததோ ஊரார் கழித்துப் போட்ட சட்டை!

முடிச்சூர் தீவான நாள்

தீவு என்றால் கடல் நடுவில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

2015-ம் ஆண்டு டிசம்பர் முதல் வாரம். பீர்க்கன்கரணைப் பக்கத்து மக்கள் அதை மறக்க முடியாது. அடையாறு பெருக்கெடுத்தது. ஏரிகள் நிரம்பி வழிந்தன. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம், பெருங்களத்தூர் ஆகிய இடங்களில் தெருவெல்லாம் ஆறு. வீடெல்லாம் தீவு. மின்சாரம் இல்லை. டெலிபோன் இல்லை. மாடியில் நின்று ஜனங்கள் கையை ஆட்டினார்கள்.

அப்போது வந்தவர்களில் அதிகம் உதவியவர்கள் யார்? படகோடு வந்த மீனவர்கள். ராணுவத்தினர். பேரிடர் மீட்புப் படையினர். தெருவை நன்றாக அறிந்த உள்ளூர் வாலிபர்கள். "மூன்றாவது தெருவில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார், அடுத்த வீட்டில் எட்டு மாத கர்ப்பிணி" என்று அவர்களுக்குத் தெரியும்.

வெளியிலிருந்து வந்தவர்களும் பாடுபட்டார்கள். ஆனால் உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு வந்தவர்களால்தான் உள் தெருவுக்குள் போக முடிந்தது. மற்றவர்கள் பெரிய சாலையிலேயே பொட்டலம் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். சாலையோரத்தில் இருந்தவருக்கு ஐந்து பொட்டலம். உள் தெருவில் இருந்தவருக்கு ஒன்றும் இல்லை.

பால் பவுடர் வேண்டும், சர்க்கரை வியாதிக்கு மருந்து வேண்டும், பெண்களுக்கு மாதவிலக்கு நாப்கின் வேண்டும் என்று கேட்டு அறிந்து கொண்டு வந்தவர்களை ஜனங்கள் இன்றும் வாழ்த்துகிறார்கள்.

பீர்க்கன்கரணையில் கற்ற இந்தப் பாடமும் நிக்கோபாரில் கற்ற பாடமும் ஒன்றுதான்.

நல்லபடியாகப் போனவர்கள்

"அப்படியானால் யாருமே போகக்கூடாதா? காட்டில் இருப்பவர்கள் நோயில் சாகட்டும் என்று விட்டுவிடுவதா?" என்று சிலர் கோபமாகக் கேட்பார்கள்.

அப்படி இல்லை. எப்படிப் போகவேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு.

ஜாரவா மக்கள் நீண்ட காலம் வெளியாரை அம்பு எய்து விரட்டியவர்கள். 1998-ல் அவர்களே காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். மறு ஆண்டே மணல்வாரி அம்மை அவர்களைத் தாக்கியது. ரத்தன் சந்திர கர் என்ற சர்க்கார் டாக்டர் அவர்களுக்குச் சிகிச்சை அளித்தார். கேமரா தூக்கிக்கொண்டு போகவில்லை. அவர்களோடு பழகினார். அவர்கள் பேச்சைக் கற்றார். மருந்து கொடுத்துக் காப்பாற்றினார். ஆனால் "என்னைப்போல் சட்டை போடு" என்று சொல்லவில்லை. 2023-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சாந்தி தெரசா லக்ரா ஒரு நர்சு. சின்ன அந்தமானில் டூகாங் கிரீக் என்ற இடத்தில் ஓங்கே மக்களிடையே வேலை பார்த்தார். சுனாமியின்போது கடல் உள்வாங்கியதைக் கண்டதுமே ஓங்கே மக்கள் மேட்டு நிலத்துக்கு ஓடித் தப்பினார்கள். பிறகு காட்டிலேயே தங்கினார்கள். அந்த அம்மாளும் காட்டுக்குள் போய் அவர்களுடன் தங்கிக் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனித்தார். 2011-ல் அவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

தமிழர் ஒருவரும் இந்த வரிசையில் இருக்கிறார். வேதப்பன் சாலமோன் என்று பெயர். 1890-களில் கார் நிக்கோபாருக்குப் போனார். முஸ் என்ற ஊரில் பள்ளிக்கூடம் நடத்தினார். சாகும் வரை அந்தத் தீவையே தன் ஊராகக் கொண்டார். அவரிடம் படித்த நிக்கோபார் சிறுவன்தான் ஜான் ரிச்சர்ட்சன். பிற்காலத்தில் பிஷப் ஆனார். 1952-ல் அமைந்த இந்தியாவின் முதல் லோக்சபாவில் அந்தமான் நிக்கோபாரின் உறுப்பினராகவும் இருந்தார்.

இந்த மூவரிடமும் பொதுவான குணங்கள் மூன்று.

ஒன்று: கையில் ஒரு தொழில் இருந்தது. டாக்டர், நர்சு, வாத்தியார். "ஏதாவது செய்கிறேன்" என்று வெறுங்கையோடு போகவில்லை.

இரண்டு: ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். பத்து நாள் தங்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்பவில்லை.

மூன்று: முதலில் கற்றார்கள். பிறகுதான் கற்றுக்கொடுத்தார்கள்.

இன்று வந்திருக்கும் பெரிய விருந்தாளி

தனி மனிதர் போவதைப் பற்றி இதுவரை பேசினோம். ஒரு பெரிய திட்டமே தீவுக்குப் போனால்?

பெரிய நிக்கோபாரில் கப்பல் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின்நிலையம் அமைக்க மத்திய சர்க்கார் திட்டமிட்டு, 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதியும் கொடுத்தது. அப்போது போட்ட செலவுக் கணக்கு சுமார் 72 ஆயிரம் கோடி ரூபாய். சர்க்கார் பாராளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 9 லட்சத்து 64 ஆயிரம் மரங்கள் வெட்டப்படலாம்.

சர்க்கார் சொல்லும் காரணம் இது: மலாக்கா ஜலசந்திக்குப் பக்கத்தில் இந்தத் தீவு இருக்கிறது. உலகக் கப்பல்கள் எல்லாம் அந்த வழியாகப் போகின்றன. துறைமுகம் வந்தால் வியாபாரம் பெருகும். நாட்டின் பாதுகாப்புக்கும் நல்லது. ஆதிவாசிகளுக்குப் பாதகம் வராமல் பார்த்துக்கொள்வோம். இதில் நியாயம் இல்லை என்று சொல்லமுடியாது.

மறுபக்கத்தையும் கேட்கவேண்டும். அந்தத் தீவின் காட்டில் ஷோம்பென் என்ற ஆதிவாசிகள் வாழ்கிறார்கள். 2011-ம் ஆண்டு கணக்குப்படி 229 பேர். அவர்களில் பெரும்பாலோர் வெளியாருடன் சேருவதில்லை.

கரையோரத்தில் நிக்கோபார் மக்கள் வாழ்ந்தார்கள். சுனாமியில் ஊர் அழிந்ததும், காம்பெல் பே அருகே குடியிருப்புகளில் அவர்களைத் தங்கவைத்தார்கள். "எங்களைப் பழைய ஊருக்கே திரும்பப் போக விடுங்கள்" என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு வருகிறார்கள்.

திட்டத்துக்கு முதலில் சம்மதம் கொடுத்த அவர்களுடைய ஆதிவாசி கவுன்சில், 2022-ம் ஆண்டு நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. தங்கள் பழைய ஊர்களின் நிலமும் திட்டத்தில் சேருகிறது என்பது முதலில் தங்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்பது அவர்களின் குறை.

துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்பதை நிபுணர்கள் வாதாடட்டும். சாதாரண மனிதர் ஒரு கேள்வி கேட்கலாம்: ஊருக்குத் திரும்பவேண்டும் என்று கேட்டவருக்கு, கேட்காத துறைமுகத்தைக் கொடுப்பது எப்படி உதவி ஆகும்? அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டு, பிறகு மற்றதைப் பேசினால் என்ன?

தகரக் கொட்டகை கொடுத்தபோது செய்த தவறு இன்னும் பெரிய அளவில் நடந்துவிடக் கூடாது என்பதுதான் கவலை.

புறப்படுமுன் ஐந்து கேள்வி

தொண்டு செய்யப் புறப்படும் பிள்ளைகளை வீட்டில் தடுக்கவேண்டாம். இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டு அனுப்புங்கள்.

1. அந்த மக்கள் கூப்பிட்டார்களா? அவர்களுடைய ஊர்க் கவுன்சிலோ, அங்கே வேலை செய்யும் ஆஸ்பத்திரியோ, பள்ளிக்கூடமோ ஆள் தேவை என்று சொன்னதா? ஆசையைத் தூண்டும் விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள்.

2. சட்டம் அனுமதிக்கிறதா? நிக்கோபாருக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். "படகுக்காரரிடம் சொல்லி ரகசியமாகப் போய்விடலாம்" என்று யாராவது சொன்னால், அவர் உங்களையும் கெடுப்பார், படகுக்காரரையும் கெடுப்பார்.

3. உனக்குத் தெரிந்த வேலை என்ன? உள்ளூர் ஆள் செய்யக்கூடிய வேலையை நீ சும்மா செய்தால், அவருடைய கூலி போய்விடும். சுவருக்கு வெள்ளையடிக்க சென்னையிலிருந்து ஆள் போகவேண்டாம்.

4. எத்தனை நாள் இருப்பாய்? குழந்தைகள் புதிய அண்ணன், அக்காளிடம் ஒட்டிக்கொள்ளும். பத்து நாளில் நீ போய்விட்டால் ஏங்கும். அதற்குப் போகாமலே இருக்கலாம்.

5. நீ திரும்பிய பிறகு என்ன மிஞ்சும்? உள்ளூர்ப் பெண் ஒருத்திக்கு நர்சு வேலை கற்றுக்கொடுத்தால், அது மிஞ்சும். படம் எடுத்து வந்தால் அது உன் பெட்டியில்தான் மிஞ்சும்.

ஐந்துக்கும் நல்ல பதில் இருந்தால் ஆசீர்வாதம் செய்து அனுப்பலாம்.

இல்லை என்றால்? வருத்தப்பட வேண்டாம். மறுபடியும் மழை வரும். ஏரி நிரம்பும். அப்போது எந்தத் தெரு முதலில் மூழ்கும், எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், யாருக்கு இன்சுலின் ஊசி வேண்டும் என்று இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள, ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு வாலிபர் வேண்டும். பீர்க்கன்கரணை பேரூராட்சியாக இருந்த காலம் போய், 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. ஊர் பெரிதாகிவிட்டதால், பக்கத்து வீட்டாரை அறிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். இந்தத் தொண்டுக்குக் கப்பல் டிக்கெட் வேண்டாம். அனுமதிச் சீட்டு வேண்டாம். மொழி தெரியவில்லை என்ற கவலையும் இல்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. தொண்டு செய்யப் போகிறவர்களுக்கும் அது பொருந்தும். காலை விடுமுன் கேட்கவேண்டியது கடலை அல்ல. அங்கே குடியிருக்கும் மனிதரை.